வாழ்த்து வாங்கிய வயிறு

ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த டாக்டர் அம்மா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

அதுவரை கலகலப்பாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். எந்த ஊர், என்ன வேலை, வீட்டுக்காரர் எங்கே என்றெல்லாம் கேட்டார். இலுப்பூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டுக்காரர் சிங்கப்பூரில் என்று நானும் படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றில் தடவியிருந்த பசை ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. அறையில் ஏசி வேறு. கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினேன்.

கையிலிருந்த கருவியை வலப்பக்கம் அழுத்தினார். பிறகு மேலே. மறுபடி வலப்பக்கம். திரையை என் பார்வையிலிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"துடிப்பு கேக்குதுங்களா டாக்டர்?" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட யாரும்மா வந்துருக்காங்க?" என்று கேட்டார்.

"அத்தைங்க. மாமியார்."

"உள்ள வரச் சொல்லுங்க."

அத்தை உள்ளே வந்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க்கும் மாதுளம்பழமும் வைத்த துணிப்பை. இன்னொரு கையில் போன். படம் கொடுப்பார்கள், உடனே மகனுக்கு அனுப்பிவிடலாம் என்று தயாராக வைத்திருந்தார்.

"புள்ள நல்லா இருக்குங்களா?"

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லம்மா. சினைப்பையில ஒரு கட்டி இருக்கு. பெருசா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்."

"ரெண்டு கோடு விழுந்துச்சே," என்றார் அத்தை. "நானே என் கண்ணால பாத்தேனே."

புதுக்கோட்டையில் அந்த ஸ்கேன் சென்டரை விட்டு வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ஆட்டோக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மெதுவா ஏறுங்கக்கா, அவசரமில்ல" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினார். அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ரெட்டைப் பிள்ளையாக இருக்கும்

நான் பத்திரிகையில் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், "உங்களுக்கு முன்பே தெரியவில்லையா?" என்று கேட்டிருந்தார். கேட்காதவர்கள் குறைவு. தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேறொன்றாகத் தெரிந்தது.

என் பெயர் ஆரோக்கியமேரி. வீட்டில் மேரி. அப்போது இருபத்தாறு வயது. ஆவூர்ப் பக்கம் பிறந்து இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாக்கப்பட்டவள். அம்மா நான் படிக்கும்போதே இறந்துவிட்டார். சேவியருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம் என்று சொல்லிக்கொள்வோமே தவிர, சேர்ந்து இருந்தது அவர் லீவில் வந்த நாட்கள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அத்தையும்.

அந்த முறை அவர் லீவு முடிந்து கிளம்பிய பிறகு எனக்குத் தள்ளிப்போனது. காலையில் குமட்டல். மார்பில் வலி. மெடிக்கலில் டெஸ்ட் கிட் வாங்கி வந்து பார்த்தால் இரண்டு கோடு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் சிவப்பாக, நன்றாக.

அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம் என்றேன். சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்து வந்தவர்களுக்குக் கோவில் வாசலில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டார்.

வயிறு வேகமாக ஏறியது. சேலையை மேலே தூக்கிக் கட்ட வேண்டியிருந்தது. வலப்பக்கம் ஒரு கனம். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது உள்ளே ஏதோ தனியாகத் திரும்புவது போல இருக்கும். ஸ்டாஃப் ரூமில் எனக்காக மாங்காய் கீறி உப்பு தூவி வைத்திருப்பார்கள். "இந்த மாசத்துக்கு இது ஜாஸ்தி, ரெட்டையாத்தான் இருக்கும்" என்று ஒரு டீச்சர் சொன்னார். அத்தை அதையும் கேட்டு வந்து மகனிடம் சொல்லிவிட்டார். சேவியர் அன்றைக்கு வீடியோ காலில், "புள்ளைகளுக்கு ரெண்டு பேர் யோசிக்கணுமே மேரி" என்று சிரித்தார்.

அந்தக் கட்டியை எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்கள் என்று யோசித்தால் இன்றும் உடம்பு கூசும். உரிமையோடு, அன்போடு தொட்டார்கள். சிலர் அதன்மேல் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்தார்கள்.

பிறகு திருச்சியில் பெரிய டாக்டர்தான் விளக்கினார். சின்ன வயசுப் பெண்களுக்கு வருகிற சில கட்டிகள் கர்ப்பத்தில் சுரக்கிற அதே ஹார்மோனைச் சுரக்குமாம். அதனால் உடம்பும் ஏமாந்துவிடும், டெஸ்ட் கிட்டும் ஏமாந்துவிடும். "ஒங்க மேல தப்பில்லம்மா," என்றார். தப்பு யார் மேல் என்று நான் கேட்கவே இல்லை. அப்போது எனக்குத் தேவைப்பட்டது ஒரு நாற்காலிதான். உட்கார வேண்டும்போல் இருந்தது.

ஒரு சினைப்பையை எடுத்தார்கள். இன்னொன்றையும் கர்ப்பப்பையையும் விட்டுவைத்தார்கள். கேன்சர்தான், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை என்றார்கள். கீமோ கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆரோக்கியம் யாரு?

வார்டில் முதல் நாள் நர்ஸ் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டார். "ஆரோக்கியம்! இங்க ஆரோக்கியம் யாரு? ஆரோக்கியம் இல்லையா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தையல் ஆறவில்லை.

"சாரிக்கா," என்றாள். "கேன்சர் வார்டுல வந்து ஆரோக்கியத்தத் தேடுறாங்களேன்னு..."

அவள்தான் கார்த்திகா. கட்டுமாவடிப் பெண். அறந்தாங்கியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா மீன்பிடிக்கப் போட்டில் போகிறவர். அம்மா மீன் விற்பவர். ஒரு தங்கை. பல மாதம் வயிற்று உப்புசம் என்று கேஸ் மாத்திரையாக விழுங்கியிருக்கிறாள். கண்டுபிடித்தபோது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. என்னுடையதைவிட மோசமான வகை.

"தஞ்சாவூர் ஒங்களுக்குக் கிட்டதானே, ஏன் இங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"அங்க போனா எங்க ஊர் ஆளுக யாராச்சும் இருப்பாங்கக்கா. ஊர்ல குடல்வால் ஆப்பரேஷன்னு சொல்லிருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு எனக்கும் தங்கச்சிக்கும் மாப்பிள்ள பாக்கணும்ல."

என் வயிறு ஊருக்கெல்லாம் தெரிந்த வயிறு. அவளுடையது ஒருவருக்கும் தெரியக்கூடாத வயிறு. ஒரே பாட்டிலில் இருந்து வருவதுபோல ஒரே நிற மருந்து இரண்டு பேருக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

கீமோவைப் பற்றி எல்லோரும் முடியைத்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் போனது வாய் ருசி. வாய்க்குள் பழைய சில்லறைக் காசைப் போட்டுக்கொண்டதுபோல் எப்போதும் ஒரு இரும்பு வாடை. பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம், எங்கோ தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல. விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போடுவது பெரிய வேலையாகிவிட்டது.

கார்த்திகாவுக்கு மீன் வாடையே ஆகாமல் போய்விட்டது. அவள் அம்மா எவ்வளவு குளித்துவிட்டு வந்தாலும் அந்தக் கையில் அது இருக்கும்.

"பொறந்ததுலேந்து அதுதாங்க்கா எங்க அம்மா வாசம்," என்றாள் ஒரு நாள். "இப்ப அம்மா கிட்ட வந்தாலே வாந்தி வருது. அதுக்கிட்ட எப்படிச் சொல்றது? சளி புடிச்சுருக்கும்மா, தள்ளி ஒக்காருன்னு சொல்லிருக்கேன்."

அத்தை எனக்குக் கொண்டுவரும் மோர்ச்சோற்றிலும் எலுமிச்சை ஊறுகாயிலும் அவளுக்கும் பங்கு உண்டு. அத்தை அவளை, "ஏ கட்டுமாவடி, எந்திரி, ரெண்டு வாய் உண்டுட்டுப் படு" என்பார். அவள் அத்தையை "அம்மா" என்று கூப்பிட்டாள்.

ஊருக்குச் சொன்னது

வார்டில் இப்படிச் சத்தமாக இருந்த அத்தை, ஊரில் வாயைத் திறக்காமல் திரிந்தார். மிட்டாய் கொடுத்து அறிவித்தாகிவிட்டது. இப்போது என்ன சொல்வது? ஆப்பரேஷன் முடிந்து நான் வீட்டில் படுத்திருந்தபோது, வாசலில் யாரிடமோ, "கலைஞ்சுருச்சு" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஊர் அழுதது. முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இந்நேரம் தொட்டில் ஆடும் என்று ஆறுதல் சொன்னார்கள்.

முதல் கீமோ முடிந்து வந்து, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். வெளியே வரும்போது ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலப்படாத ஆத்தா. ஒண்ணு போனா என்ன, அவன் லீவுல வந்தா இன்னொண்ணு."

நான் தலையாட்டினேன். நிற்கத் தெம்பில்லை. தலையாட்டினால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற அத்தையின் முகம் அப்படியே மாறிவிட்டது.

"அது புள்ளையே இல்ல," என்றார். சத்தமாக. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. "கட்டி. கேன்சர் கட்டி. அறுத்து எடுத்தாச்சு. இப்ப ஊசி போடுறாங்க. முடியெல்லாம் கொட்டிரும். தெரிஞ்சுக்கங்க. இனிமே யாரும் என் மருமவகிட்ட வந்து புள்ளப் பேச்சு எடுக்காதீங்க."

 கையைப் பிடித்திருந்த பெரியம்மா மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையைச் சேலையில் துடைத்தாரா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது.

இதைக் கேட்கிறவர்கள், எவ்வளவு தைரியமான மாமியார் என்கிறார்கள். தைரியம்தான். ஆனால் அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. என் வயிற்றைப் பற்றி இரண்டு முறையும் ஊருக்குச் சொன்னது அத்தைதான். இரண்டு முறையும் என்னைக் கேட்கவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு வீட்டில் நான் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்ததைப் பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முடி போனபோது எனக்கு யாரிடமும் டைபாய்டு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலுப்பூர்ச் சந்தையில் தலையில் துணியோடு நின்று கத்தரிக்காய் பொறுக்கினேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கார்த்திகாவுக்கு அது கிடைக்கவில்லை. மூன்றாவது முறை ஊசிக்கு நான் போனபோது அவள் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். போன் செய்தேன்.

"வீட்ல போதும்ன்றாங்கக்கா," என்றாள். "அக்கம்பக்கத்துல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. குடல்வாலுக்கு எதுக்கு மாசாமாசம் திருச்சி போறீங்கன்னு. யாரோ வைத்தியர் மருந்து தர்றாராம். முடி கொட்டாதாம்."

"நீ என்ன சொல்ற?"

 பின்னால் அலைச் சத்தமா, விசைப்படகுச் சத்தமா, ஏதோ கேட்டது.

"எனக்கும் அலுத்துருச்சுக்கா. வாந்தி எடுக்காம ஒரு மாசம் இருந்தாப் போதும்னு இருக்கு."

"ஒரு மாசம் இருந்துட்டு வந்துரு, கார்த்தி."

"வாரேங்க்கா," என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் அப்பா போனை எடுத்து, பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம்.

நல்லாயிட்டியே

எனக்குக் கீமோ முடிந்தது. ரத்தத்தில் அந்த ஹார்மோன் இறங்கி, கடைசியில் இல்லாமலே போனது. டாக்டர் கை குலுக்கினார். சேவியர் போனில் அழுதார். அத்தை வேளாங்கண்ணிக்கு மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

முடி முளைத்தது. முன்பு நீளமாக, படிந்து இருந்த முடி இப்போது சுருள் சுருளாக, ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரி வந்தது. பள்ளிக்கூடம் போனேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "இப்பதான் நல்லாயிட்டியே!"

அந்த வார்த்தைக்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. நல்லாகிவிட்டவள் எப்படி அசதியாக இருக்கிறது என்று சொல்வது?

இந்த அசதியை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை. வேலை செய்து வருகிற அசதி தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழும்போதே கூட எழுந்து உட்கார்ந்திருக்கும். சாக்பீஸ் கையிலிருந்து நழுவும். ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவேன். பிள்ளைகள் மீதியைத் தாங்களாகவே போட்டு முடிப்பார்கள். குக்கர் மூடியைத் திறக்க வேண்டுமே என்று நினைத்தாலே தோள் வலிக்கும்.

அத்தைக்கு இது பிடிபடவில்லை. திட்டவில்லை. ஆனால் நான் பகலில் படுத்தால் பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்சம் கூடும். "எந்திரிச்சு நாலு எடம் நடந்தாத்தான் ஒடம்பு ஒடம்பா இருக்கும்" என்பார் சுவரைப் பார்த்து. கூடவே, சேவியர் அடுத்த லீவில் வரப்போகிறார், டாக்டர் வேறு கொஞ்ச காலம் கழித்துப் பிள்ளை பெறலாம் என்று சொல்லிவிட்டார். அத்தை மறுபடி பிள்ளைப் பேச்சை எடுத்துவிட்டார். ஊர் வாயை அடைத்தவரின் வாயை அடைக்க ஆளில்லை.

ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனில் கார்த்திகாவின் பெயர் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு. சந்தோஷமாக எடுத்தேன்.

"டீச்சருங்களா?" அவள் அம்மாவின் குரல். "விடியக்காலைல போயிருச்சும்மா. ஒங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னுச்சு."

 "நாங்க வாரோம்மா" என்றேன்.

"வேணாம் டீச்சர். வந்தா யாரு, எந்த ஊரு, எப்படிப் பழக்கம்னு கேப்பாங்க. மஞ்சக்காமாலன்னு சொல்லிருக்கோம். சின்னவ இருக்கா டீச்சர். அவளுக்கும் வந்துரும்னு பேசுவாங்க. அவள யாரு கட்டுவா? வராதீங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். அத்தையிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கெளம்பு," என்றார்.

"வர வேணாம்னு சொல்றாங்க அத்தை."

"அவுக சொல்லத்தான் செய்வாக. என் கையால சோறு தின்ன புள்ள. கெளம்பு."

கட்டுமாவடிக்கு

புதுக்கோட்டை போய், அறந்தாங்கி போய், அங்கிருந்து கட்டுமாவடி. பஸ்ஸுக்குப் பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். தெருவில் பிய்ந்த சாமந்திப்பூ கிடந்தது. பந்தலில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கடல்காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கார்த்திகாவின் அம்மா எங்களைப் பார்த்தார். அழுது சிவந்திருந்த கண்ணில் சட்டென்று பயம் வந்தது. பக்கத்தில் பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண், அக்காவைப் போலவே நெற்றி. எல்லோர் பார்வையும் எங்கள்மேல்.

"காலேஜ்லேந்து வாரோங்க," என்றேன். "கார்த்திகாவோட டீச்சர்."

அந்த அம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் வெடித்ததுபோல அழுதார். அவர் மேல் மீன் வாடை இருந்தது. அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டேன்.

உட்கார இடம் கொடுத்தார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சருக்கு முடி ஏன் இம்புட்டுக் கட்டையா இருக்கு? ஒடம்புக்கு எதும் முடியலீங்களா?"

 பக்கத்தில் அத்தை இருக்கிறாரே என்று பயமாக இருந்தது. கோவில் வாசலில் அத்தனை பேர் நடுவே போட்டு உடைத்தவர். அவருக்கு மறைத்துப் பேச வராது. கார்த்திகாவின் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அத்தையின் வாயையே பார்த்தார். தங்கைக்காரி தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அத்தை கலரை ஒரு மடக்கு குடித்தார். பாட்டிலைக் கீழே வைத்தார்.

"வேளாங்கண்ணில மொட்ட போட்டா," என்றார். "நேர்த்திக்கடன். இப்பதான் வளருது. அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா."

"நல்லதுங்க," என்று அந்தப் பெண் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அறந்தாங்கி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.  ஜன்னல் வழியாக உப்புக்காற்று குறைந்து, சவுக்குத் தோப்பெல்லாம் போய், வறண்ட காடு வர ஆரம்பித்தபோதுதான் அத்தை பேசினார்.

"எனக்கு அங்க வாய் கொள்ளல மேரி. சொல்லிரணும்னுதான் இருந்துச்சு. சொல்லாம மறைச்சேதான் அந்தப் புள்ளையக் கொன்னீங்கன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்தச் சின்னதோட மொகத்தப் பாத்தேன். அப்புறம் சொல்ல வரல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு இன்னம் அசதியாத்தான் இருக்கா?" என்றார்.

"இருக்கு அத்தை."

"எங்க?"

"எங்கன்னு சொல்ல? எல்லா எடத்துலயும்."

"ரொம்பவா?"

"இப்ப இந்தப் பஸ்ஸ விட்டு எறங்கணுமேன்னு இருக்கு."

தலையாட்டினார். கொஞ்சம் தயங்கி, "சேவியர் வந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை, இப்ப புள்ளப் பேச்சு வேணாம். எனக்கு முடியல. மறுபடி அந்த டெஸ்ட் கிட்டப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. ரெண்டு கோடு விழுந்தா நான் என்னன்னு நெனைக்க? புள்ளைன்னா, இல்ல கட்டின்னா? ஸ்கேன் எடுக்குற வரைக்கும் நான் எப்படி இருப்பேன்? எப்பவும் வேணாம்னு சொல்லல. இப்ப வேணாம்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. நான் அவன்கிட்ட சொல்றேன்," என்றார் அத்தை.

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "சரி ஆத்தா. நீயே சொல்லு."

சேவியரிடம் சொன்னேன். வீடியோ காலில் அவர் பின்னால் டார்மெட்ரியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை திரும்பி அவர்களைப் பார்த்துவிட்டு, "சரி மேரி, ஒடம்பப் பாத்துக்க" என்றார். அந்தச் சரிக்குள் எவ்வளவு சரி இருக்கிறது என்று அவர் நேரில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். இன்னும் வரவில்லை. லீவு தள்ளிப்போகிறது என்கிறார். இருக்கலாம்.

எனக்கு இன்னும் சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முடிவு வரும் வரை சோறு இறங்காது. வந்த பிறகு அன்று முழுக்கக் கை கால் அசைக்க முடியாது. நல்ல முடிவுக்கும் அப்படித்தான்.

போன சனிக்கிழமை, அப்படி ஒரு முடிவு வந்ததற்கு மறுநாள், எழுந்து பல் விளக்கிக் காபி குடித்ததுமே மறுபடி படுத்துவிட்டேன். மணி பத்து இருக்கும். வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டது. மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்த பக்கத்துத் தெரு அக்கா.

"அத்தை, மேரி எங்க?"

"தூங்குறா."

"இந்நேரத்துலயா? ஒடம்புக்கு மறுபடி எதுவும்..."

"ஒண்ணும் இல்ல. அசதியா இருக்கா, தூங்குறா. நீ போயிட்டுச் சாயங்காலமா வா."

அந்த அக்காவின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. பிறகு என் அறைக் கதவை அத்தை வெளியிலிருந்து சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார். உண்மையில் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தை சொன்னது பொய்யாகிவிட வேண்டாமே என்று கண்ணை மூடினேன். எப்போது தூங்கிப்போனேன் என்று தெரியாது.